காசியில் நான்கு இரவு: சத்திரமா, ஓட்டலா, வாத்தியார் வீடா, கங்கைக்கரை அறையா?

வடவாற்றங்கரை:

வணக்கம். ஜனவரி கடைசி வாரம் காசி போகிறோம். அப்பா (74), அம்மா (69), நான், மனைவி, எட்டு வயது மகள். ராமேஸ்வரம் – பனாரஸ் ரயிலில் டிக்கெட் ஆகிவிட்டது. தங்கும் இடம்தான் இன்னும் முடிவாகவில்லை. வீட்டில் ஆளுக்கு ஒரு கட்சி.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். சமதரையில் மெதுவாக நடப்பார். படி ஏறினால் பத்தாவது படியில் நின்றுவிடுவார். தரையில் உட்கார்ந்து எழ முடியாது, வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாமல் முடியவே முடியாது. அப்பா நேர் எதிர். தாத்தா பாட்டிக்குப் பிண்டம் போட வேண்டும், விடியுமுன் கங்கையில் முழுக வேண்டும், மற்றதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம்.

இப்போது கையில் இருப்பவை: எங்கள் வீட்டு ஐயர் சொன்ன, ஹனுமான் காட் (படித்துறை) பக்கத்து வாத்தியார் வீடு, அதாவது காரியம் செய்துவைக்கும் புரோகிதர் வீடு; தங்கல், சாப்பாடு, காரியம் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. கோதோலியாவில் நகரத்தார் சத்திரம். கன்டோன்மென்ட் பக்கம் லிஃப்ட் உள்ள ஓட்டல். நாலாவதாக, மனைவி ஆப்பில் பார்த்து மனதைப் பறிகொடுத்த கங்கைக்கரை கெஸ்ட் ஹவுஸ். கட்டிலில் படுத்தபடியே சூரியோதயம் பார்க்கலாமாம்.

அறைக்கு மூவாயிரம் வரை கொடுக்கலாம், இரண்டு அறை வேண்டும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பாகனேரியான்:

சத்திரம்தான், யோசிக்கவே வேண்டாம். 1863இல் தொடங்கியது. இன்றைக்கும் தினமும் அங்கிருந்துதான் விசுவநாதருக்குப் பூஜைச் சாமான் போகிறது. 'சம்போ, சம்போ' என்று சொல்லிக்கொண்டு எடுத்துப் போவார்கள். கூட நடந்து பாருங்கள், காசிக்கு வந்ததற்கு அதுவே போதும். நம் ஊர்ச் சாப்பாடு, தமிழில் பேசலாம், கோயில் பக்கம். நகரத்தார் அல்லாதவர்களும் தங்கலாம். ஆனால் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். நேரில் போய் நின்றால் இடம் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். சிக்ரா பக்கம் 2025இல் பத்து மாடிப் புதுக் கட்டடம் ஒன்றும் திறந்திருக்கிறார்கள். அம்மாவுக்காகத்தான் என்றால் அதைக் கேளுங்கள்.

பையோடு திரிபவன்:

நான் கம்பெனி வேலையாக அடிக்கடி போகிறவன். கன்டோன்மென்ட் ஓட்டலில் போடுங்கள். அகலமான ரோடு, வாசலில் கார், லிஃப்ட், 24 மணி நேரமும் சுடுதண்ணீர். வயதானவர்களைச் சந்துபொந்துக்குள் இழுத்துப்போய்ப் பாடாய்ப் படுத்தாதீர்கள். சாமியை ஒரு நாள் போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம்.

சோனார்புரா செண்பகம்:

தம்பி, கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் பாங்க்கில் இருந்தவர். மாற்றல் ஆகி வாரணாசியில் குடியிருந்தோம், சோனார்புரா மெயின் ரோட்டை ஒட்டி, முதல் மாடி. பெண்ணைக் காசியில் இருப்பவனுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? தென்காசியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் இரண்டு பக்கச் சொந்தமும் முறை வைத்துக்கொண்டு வந்தது. நாலு பேரென்றால் எங்கள் வீடு. எட்டு பத்து பேராக வந்தால் இடம் பார்த்துக் கொடுப்பது என் வேலை. நீங்கள் சொன்ன நாலு வகையிலும் ஆட்களை வைத்து, மறுநாள் காலையில் அவர்கள் முகம் எப்படி இருந்தது என்றும் பார்த்திருக்கிறேன். இப்போது ஊரோடு வந்துவிட்டோம். ஆனாலும் இன்னும் போன் வந்துகொண்டுதான் இருக்கிறது.

மேலே இரண்டு பேர் சொன்னதும் தப்பில்லை. ஆனால் இரண்டு பேருமே அறையைப் பற்றிப் பேசுகிறார்கள். காசியில் முதலில் பார்க்க வேண்டியது அறையை இல்லை, ஆட்டோ எதுவரை வரும் என்பதை. ஆட்டோ நிற்கும் இடத்துக்கும் உங்கள் அம்மா படுக்கும் கட்டிலுக்கும் நடுவே என்ன இருக்கிறது, அதுதான் கணக்கு.

ஏனென்றால் பழைய காசி முழுக்கக் கல்லி, அதாவது குறுகிய சந்து. ஆள் போகும், மாடு போகும், பைக் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போகும். ஆட்டோ நுழையாது. ஆப்பில் 'கோயிலிலிருந்து 300 மீட்டர்' என்று போட்டிருப்பான். அந்த 300 மீட்டரில் மூன்று திருப்பம், ஈரக் கல்தளம், சாணி, நடுவில் ஏழெட்டுப் படி இறங்கி மறுபடி ஏற்றம். அவன் போட்டது பொய்யில்லை, ஆனால் மேப்பில் படி தெரியாது.

கங்கைக்கரை அறையை முதலில் எடுத்துக்கொள்வோம், அதைச் சொல்லிவிட்டால் உங்கள் வீட்டில் பாதிச் சண்டை தீரும். மழைக்காலத்தில் கங்கை படித்துறைகளை முழுக்கிவிட்டு மேலே வரும். தசாஸ்வமேதப் படித்துறையின் கங்கை ஆரத்தியையே மொட்டைமாடிக்கு மாற்றுவார்கள். அதற்குப் பயந்துதான் கரைமேல் வீடுகளை அவ்வளவு உயரத்தில் கட்டினார்கள். ஆகவே கங்கை தெரிகிற அறை என்றாலே படி உண்டு. வெளியில் ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை. உள்ளே இருப்பது ஒரு ஆள் அகலம், படிக்குப் படி முக்கால் முழம் உயரம், பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருந்தால் அதிர்ஷ்டம். சூரியோதயம் நன்றாகத் தெரியும் அறை மேல்மாடியில்தான் இருக்கும். லிஃப்ட் வைத்த பெரிய அரண்மனை ஓட்டல் இல்லாமல் இல்லை, அது உங்கள் மூவாயிரத்துக்குள் வராது. அம்மாவை அங்கே ஏற்றிவிட்டால் ஊருக்குத் திரும்பும் அன்றைக்குத்தான் இறக்க முடியும்.

வாத்தியார் வீடு வேறு விஷயம். உங்கள் அப்பாவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஹனுமான் காட், கேதார் காட் சுற்றுவட்டாரம் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் இடம். பாரதியார் சின்ன வயதில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தது ஹனுமான் காட்டை ஒட்டித்தான். குமரகுருபரர் நிறுவிய மடம் கேதார் காட்டில் இருக்கிறது. வாத்தியார் வீட்டில் என்ன வசதி என்றால், காலையில் எழுப்பிவிடுவதிலிருந்து சங்கல்பம், படகில் அஸ்ஸி, தசாஸ்வமேதம், மணிகர்ணிகை, பஞ்சகங்கை, வருணா சங்கமம் என்று ஐந்து இடத்துக்கும் கூட்டிப்போய்ப் பிண்டம் போடவைத்து, திரும்பி வந்ததும் இலை போடுவது வரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பாஷை தெரியாத ஊரில் இது சாதாரணமில்லை.

ஆனால் அது பழைய வீடு. கழிப்பறை முற்றத்தைத் தாண்டி இருக்கலாம், பெரும்பாலும் குந்தி உட்காரும் பழைய வகைதான். சாப்பாடு தரையில். வெங்காயம் பூண்டு கிடையாது, உங்கள் மகள் இரண்டாம் நாள் முகத்தைத் தூக்குவாள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: ஹனுமான் காட்டுக்குப் பக்கத்திலேயே ஹரிச்சந்திர காட். இரவு பகலாகப் பிணம் எரியும். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் புகை வரும். எங்கள் பெரியப்பா அதைப் பாக்கியம் என்றார், என் நாத்தனார் அன்றைக்கே வேறு இடம் கேட்டாள். உங்கள் வீட்டில் யார் யார் எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கோதோலியா சத்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். பாகனேரி அண்ணன் சொன்ன அந்தச் சம்போவைக் கேட்டால் மயிர்க்கூச்செறியும். ஒரே சங்கடம், கோதோலியா சௌராஹா, அதாவது நாற்சந்தி. சாயங்காலம் ஆரத்தி நேரத்தில் போலீஸ் தடுப்பு போட்டு வண்டியை முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து கூட்டத்தோடு கூட்டமாக நடை. சொந்தக் காலில் நிற்கிறவர்களுக்கு அது திருவிழா, முழங்கால் போனவர்களுக்குத் திண்டாட்டம். கீழ்த்தளம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். சிக்ராவில் உள்ளது நான் ஊருக்கு வந்தபின் கட்டியது. பத்து மாடி என்றால் லிஃப்ட் இல்லாமல் இருக்காது. சிக்ரா அகல ரோடு உள்ள பகுதி, ஆட்டோ வாசலுக்கு வரும். கங்கைக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் வண்டி பிடிக்க வேண்டும்.

கன்டோன்மென்ட் ஓட்டல் அம்மாவுக்குச் சுகம், சந்தேகமே இல்லை. ஆனால் அப்பா? விடிகாலை நாலரைக்கு, ஜனவரிப் பனியில், நாலைந்து கிலோமீட்டர் ஆட்டோ தேடிப் போய் முழுகிவிட்டு ஈரத்தோடு திரும்பி வர வேண்டும். முதல் நாள் போவார். இரண்டாம் நாள் நீங்கள் எழுந்திருக்க மாட்டீர்கள், அவர் தனியாகக் கிளம்புவார். அந்த வயதில் அது வேண்டாம். இத்தனை தூரம் வந்து கங்கையைப் பார்க்க டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அவர் வாய் சும்மா இருக்குமா?

என்னைக் கேட்டால் அஸ்ஸி பக்கம் பாருங்கள், உங்கள் பட்டியலில் அது இல்லவே இல்லை. பழைய படித்துறை வரிசையின் தென்கோடி. ஆட்டோ கிட்டத்தட்ட கரை வரைக்கும் வரும், பழைய காசியில் இது பெரிய விஷயம். படி அகலம், சரிவும் அவ்வளவு செங்குத்தில்லை. மெயின் ரோட்டை ஒட்டி லிஃப்ட் வைத்த சின்ன ஓட்டல்கள் இருக்கின்றன, உங்கள் தொகைக்குள் அமையும். அப்பா இரண்டு நிமிஷம் நடந்தால் கங்கை. அம்மா ஒரு நாற்காலி போட்டுக் கரைமேல் உட்கார்ந்தால் காலை ஆரத்தியை அங்கேயே பார்க்கலாம். தசாஸ்வமேதத்துக்கோ ஹனுமான் காட்டுக்கோ படகில் போகலாம்.

காரியத்துக்கு முந்தின இரவு மட்டும் அப்பாவும் நீங்களும் வாத்தியார் வீட்டில் படுத்துக்கொள்ளுங்கள். அம்மா, மனைவி, குழந்தை அஸ்ஸியிலேயே இருக்கட்டும். காரியம் செய்யும்போது அப்பா பக்கத்தில் அம்மா இருக்க வேண்டும் என்று வாத்தியார் சொல்வார், அந்த ஒரு வேளைக்கு அம்மாவை ஆட்டோவில் கூட்டி வந்தால் போதும். நாற்காலி ஒன்று போட்டு வைக்கச் சொல்லி முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

எங்கே முடிவு செய்தாலும் பணம் கட்டுமுன் போனில் கேளுங்கள். ஆட்டோ எந்த இடம் வரைக்கும் வரும், அந்த இடத்துக்குப் பெயர் என்ன? 'பக்கம்தான் பக்கம்தான்' என்றால் விடாதீர்கள். இறங்கினபின் எத்தனை படி? அறை எந்த மாடி? லிஃப்ட் ஓடுகிறதா? இப்படிக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நல்ல இடத்துக்காரன் நிதானமாகப் பதில் சொல்வான். டாய்லெட் படத்தை வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வெஸ்டர்ன் இருக்கிறது என்பான், ஒரு அடி மேடைமேல் ஏறி உட்காரும்படி வைத்திருப்பான்.

வடவாற்றங்கரை:

செண்பகம் அம்மா, மிக்க நன்றி. வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நாத்தனார் கதையைக் கேட்டு அம்மா சிரித்துக்கொண்டே இருக்கிறார். அப்பா 'நான் வாத்தியார் வீட்டில் ஒரு இரவு' என்று சம்மதித்துவிட்டார்.

இன்னும் சில சந்தேகங்கள். ரயில் பனாரஸ் ஸ்டேஷனில் நிற்கிறது, ஓட்டல்காரர் 'வாரணாசி ஜங்ஷனா, பனாரஸா' என்று கேட்கிறார். இரண்டும் வேறா? குளிர் எவ்வளவு இருக்கும்? வாத்தியார் முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்கிறார், கொடுக்கலாமா? மனைவி இன்னும் அந்தச் சூரியோதயத்தை விடவில்லை.

சோனார்புரா செண்பகம்:

வேறுதான். எங்கள் காலத்தில் மண்டுவாடி என்று இருந்த ஸ்டேஷனைத்தான் 2021இல் பனாரஸ் ஆக்கினார்கள். வாரணாசி ஜங்ஷனை ஊர்க்காரர்கள் கேன்ட் என்பார்கள். இது போதாதென்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் தீன் தயாள் உபாத்யாயா ஜங்ஷன், பழைய முகல்சராய். சில ரயில் அங்கேயே இறக்கிவிட்டுப் போய்விடும். அழைத்துப்போக வண்டி சொல்வதாக இருந்தால் 'பனாரஸ், பழைய மண்டுவாடி' என்றே சொல்லுங்கள்.

ஜனவரியில் ரயில் மூடுபனியில் தாமதமாகும். சும்மா ஒரு மணி இரண்டு மணி என்று நினைக்காதீர்கள், அரை நாளும் ஆகலாம். மத்தியானம் சேர வேண்டியவர்கள் நடுராத்திரி போய் நின்றால் சில சின்ன இடங்களில் கதவு திறக்க ஆள் இருக்காது. 'ரயில் எந்நேரம் வந்தாலும் திறப்பீர்களா' என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவேளை அகாலத்தில் இறங்கினால் ஸ்டேஷன் ஓய்வறையை ரயில் டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்து ஆன்லைனில் எடுக்கலாம். விடியும்வரை அம்மா காலை நீட்டிப் படுக்க அது போதும்.

குளிர் பற்றி நம் ஆட்கள் அலட்சியமாகவே வருகிறார்கள். ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே போகும். கல் கட்டடம் பகலிலும் சூடாகாது. அங்கே பல அறைகளில் ஏசி இருக்கும், நமக்கு வேண்டியது ஹீட்டர். தனியாகக் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள், விலையை முன்னாலேயே கேளுங்கள். ரஜாய் (பஞ்சு மெத்தைப் போர்வை) ஆளுக்கு ஒன்று வேண்டும், இரண்டு பேருக்கு ஒன்று என்றால் ராத்திரி முழுக்க இழுபறி. கீசர் அறையிலேயே இருக்கிறதா, பக்கெட்டில் கொண்டுவந்து வைப்பார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. முழங்கால் வலி குளிரில் இரட்டிப்பாகும். அறைக்கு வெயில் வருமா என்று கேட்டால் சிரிப்பான், கேளுங்கள். வெயில் படுகிற அறை காசி ஜனவரியில் நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் தகும்.

முன்பணம் பாதி கொடுங்கள், மீதி அங்கே போய். இதில் தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் எதெல்லாம் சேர்த்தி என்று எழுதி வாங்குங்கள்: படகு, பிண்டச் சாமான், தட்சிணை, தானம், சாப்பாடு எத்தனை பேருக்கு. பேசின தொகை ஒன்று, படகில் உட்கார்ந்த பிறகு கோதானம் அது இது என்று சொல்லும் தொகை ஒன்று, அந்த நேரத்தில் உங்கள் அப்பா 'கொடுத்துவிடுடா' என்றுதான் சொல்வார். அதற்கென்று ஒரு தொகையைத் தனியாக மடித்துக் கொடுத்துவிடுங்கள், அவர் கையால் கொடுக்கட்டும்.

தை அமாவாசை எப்போது என்று பஞ்சாங்கத்தைப் பாருங்கள். அங்கே அதை மௌனி அமாவாசை என்பார்கள். பிரயாகையில் மாக மேளா நடக்கும் காலம், அந்தக் கூட்டம் அப்படியே காசிக்கு வழியும். உங்கள் தேதி அதற்கு இரண்டு நாள் முன்பின் விழுந்தால் மூவாயிரத்துக்கு அஸ்ஸியை மறந்துவிடுங்கள்; இன்றைக்கே போன் போடுங்கள்.

தனியாகத் திரிபவள்:

அந்த அக்காவின் சூரியோதயத்துக்காக ஒரு வார்த்தை. நான் அஸ்ஸிக்கும் துளசி காட்டுக்கும் நடுவில் கரைமேல் ஒரு கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருக்கிறேன். அறை தீப்பெட்டி, ஆனால் ஜன்னலைத் திறந்தால் கங்கை. படிகள் எல்லாம் கிழக்குப் பார்த்தவை, எதிர்க்கரையில் கட்டடமே இல்லை, வெறும் மணல். அதனால் சூரியன் நேரே முகத்தில் விழும். அப்பாவும் அண்ணனும் வாத்தியார் வீட்டுக்குப் போகும் அதே இரவு அக்காவும் குட்டியும் அங்கே தங்கட்டும் என்று சொல்ல வந்தேன், அப்புறம் அம்மாவைத் தனியாக விட முடியாதே என்று தோன்றியது. கடைசி இரவாக வைத்துக்கொள்ளலாம். அஸ்ஸி அறையைக் காலி செய்யாமல் இவர்கள் இருவர் மட்டும் பையோடு நடந்தே போகலாம்.

இரண்டு விஷயம். ஜன்னலுக்குக் கம்பி இருக்க வேண்டும், குரங்கு உள்ளே வந்து பிஸ்கட்டை மட்டும் எடுத்துப் போகாது. ஜனவரியில் பாதி நாள் மூடுபனியில் சூரியனே தெரியாது. பணத்தைத் திருப்பித் தரும் வகை புக்கிங் போட்டுவிட்டு, முந்தின நாள் வானத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பையோடு திரிபவன்:

செண்பகம் அம்மா சொன்னபின் நான் கன்டோன்மென்ட்டை வாபஸ் வாங்கவில்லை. காரியம் இல்லாமல் சும்மா பார்க்க வருகிறவர்களுக்கு அதுதான். ஆனால் இவர் அப்பாவை வைத்துப் பார்த்தால் அஸ்ஸி சரி.

வடவாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. அமாவாசை எங்கள் தேதியில் விழவில்லை. அஸ்ஸி மெயின் ரோட்டில் ஒரு இடம் பேசினேன். ஆட்டோ வாசல் வரை வருமாம், வாசலில் நாலு படி, லிஃப்ட் உண்டு, நாங்கள் கேட்டது இரண்டாம் மாடி. டாய்லெட் படம் கேட்டேன், ஒரு நிமிஷம் பேச்சே இல்லை, அப்புறம் அனுப்பினார். மேடை இல்லை. ரயில் தாமதமானாலும் ஆள் இருப்பாராம். ஹீட்டர் ஒரு இரவுக்கு இருநூறு ரூபாய் தனி. அறை ஒன்றுக்கு 2,600. வாத்தியாரிடமும் பாதி முன்பணம் என்று பேசிவிட்டேன், கோபப்படவில்லை. கங்கைக்கரை அறையை மனைவி கடைசி இரவுக்கு, ரத்து செய்யும் வசதியோடு போட்டிருக்கிறார்.

ஒன்றே ஒன்று பாக்கி. அறை மேற்குப் பார்த்ததாம், காலை வெயில் வராது என்கிறார். மாற்றச் சொல்லவா?

சோனார்புரா செண்பகம்:

மேற்கென்றால் மத்தியானத்துக்கு மேல் வெயில் வரும், சாயங்காலம் வரை சுவர் கொஞ்சம் சூடாக இருக்கும், ராத்திரிக்கு அதுவே நல்லது. மாற்ற வேண்டாம். காலையில் அம்மாவை மொட்டைமாடிக்குக் கூட்டிப் போங்கள். லிஃப்ட் மொட்டைமாடி வரை போகிறதா, கடைசி மாடியோடு நின்றுவிடுகிறதா என்று மட்டும் இன்னொரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.